மார்பில் கட்டி தட்டுப்பட்டால்: மேமோகிராமா, ஊசி டெஸ்டா, ரத்தப் பரிசோதனையா, பெட் ஸ்கேனா?

குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்படுகிறது. கோலிக்குண்டு அளவு, வலியில்லை. அன்று ராத்திரி தூக்கம் போகிறது. மறுநாள் காலையிலிருந்து எல்லாரும் ஆளுக்கொரு டெஸ்ட் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, அவருடன் நான் ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது மூன்றே கேள்விகள்தான். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) நார்மல் என்று வந்துவிட்டது, கட்டி மட்டும் கைக்குத் தெரிகிறது, விட்டுவிடலாமா? ஊசி குத்தினால் பரவும் என்கிறார்கள், ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியாதா? எதற்கு ஒவ்வொன்றாக அலையணும், ஒரே தடவையில் முழு உடம்பு ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன?

நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தப் பரிசோதனைகளை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நினைத்ததால் சித்தி பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. நார்க்கட்டியாகவோ நீர்க்கட்டியாகவோதான் இருக்கும். ஆனால் உங்கள் கட்டி எந்த வகை என்பதைக் கையால் தொட்டு மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

விலைப்பட்டியலை வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, அந்த டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. "இது பார்க்க எப்படி இருக்கிறது?", "இது என்ன?", "இது எதுவரை போயிருக்கிறது?" என்று கேள்விகள் மூன்று. ஒன்றுக்கான பதில் இன்னொன்றுக்கு ஆகாது. இரண்டாவது, "ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அதை நம்பி வீட்டில் உட்காரலாமா. மூன்றாவது, அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சிகிச்சையை ஆரம்பிக்க முடியுமா, இல்லை இன்னொரு டெஸ்டுக்குத்தான் அனுப்புமா. நான்காவது செலவு. பில்லில் இருப்பது மட்டும் செலவில்லை, மறுபடி மறுபடி செய்வது, காத்திருப்பது, தேவையில்லாத பயம் எல்லாமே செலவுதான்.

## மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும்

இவற்றில் எது நல்லது என்று கேட்பதை விட, உங்கள் வயதுக்கு எது முதலில் என்று கேட்பது சரி. பொதுவாக 30 வயதுக்குக் கீழே அல்ட்ராசவுண்டில் ஆரம்பிப்பார்கள். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடுவது கஷ்டம். 40-க்கு மேல் மேமோகிராம் முதலில், கூடவே கட்டி இருக்கும் இடத்தில் அல்ட்ராசவுண்ட். நடுவில் இருப்பவர்களுக்கு எதில் வேண்டுமானாலும் தொடங்குவார்கள்.

இரண்டுக்கும் பலம் வேறு. உப்புத்துகள் போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளை மேமோகிராம்தான் நன்றாகக் காட்டும். உள்ளே இருப்பது நீரா சதையா என்பதை அல்ட்ராசவுண்ட் சொல்லும். மேமோகிராமில் மார்பைத் தட்டையாக அழுத்துவது சில விநாடிகள் வலிக்கும். மாதவிடாய் முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. அன்றைக்கு அக்குளில் பவுடர், டியோடரண்ட் எதுவும் வேண்டாம். அதுவே படத்தில் துகள்மாதிரி விழுந்து குழப்பும். கதிர்வீச்சைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஒரு மேமோகிராமில் கிடைப்பது சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் நாம் இரண்டு மாதத்தில் வாங்கிக்கொள்ளும் இயற்கைக் கதிர்வீச்சின் அளவுதான் அது.

ரிப்போர்ட்டின் கடைசியில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். எல்லாரும் நடுவில் உள்ள பத்தியைப் படித்துப் பயப்படுவார்கள், பார்க்க வேண்டியது இந்த எண்ணை. 1, 2 என்றால் சந்தேகம் எதுவும் இல்லை. 3 என்றால் புற்றுநோய் வாய்ப்பு நூற்றுக்கு 2 அல்லது அதற்கும் கீழே, பெரும்பாலும் 6 மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4 என்றால் ஊசி டெஸ்ட் வேண்டும். இந்த 4 என்பது மிக அகலமான வகை, நூற்றுக்கு 2-லிருந்து 95 வரை போகும். அதனால் 4ஏ, 4பி, 4சி என்று பிரித்து எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 5 என்றால் 95-க்கு மேல். 0 என்று வந்தால் நல்லது என்று அர்த்தமில்லை. இந்தப் படம் போதாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: கைக்குத் தட்டுப்படும் கட்டி இருக்கும்போது மேமோகிராம் மட்டும் நார்மல் என்று வந்தால் விட்டுவிடக்கூடாது. மேமோகிராம் சுமார் 8-ல் 1 மார்பகப் புற்றுநோயைத் தவறவிடுகிறது. அடர்த்தியான மார்பகத்தில் இன்னும் அதிகம்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு பழைய படங்களைத் தொலைப்பது. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு, ஃபிலிமையும் படம் பதிந்த டிஸ்கையும் பரணில் போட்டுவிடுகிறோம். ஒரு புள்ளி புதிதா பழசா என்பதை ரிப்போர்ட்டில் உள்ள வரிகளை வைத்துச் சொல்ல முடியாது, பழைய படம்தான் சொல்லும்.

## எஃப்.என்.ஏ.சி.யா, கோர் பயாப்ஸியா?

"ஊசி டெஸ்ட்" என்று இரண்டையும் ஒரே பேரில் சொல்லிவிடுவதால் வரும் சிக்கல் பெரிது. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு.

எஃப்.என்.ஏ.சி.யில் ரத்தம் எடுக்கும் ஊசி மாதிரியே மெல்லிய ஊசி. கட்டிக்குள் செலுத்தி முன்னும் பின்னும் அசைத்து உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தேய்ப்பார்கள். சில நிமிடத்தில் முடியும். செலவு குறைவு, பல இடங்களில் மறுநாளே ரிப்போர்ட். ஆனால் வருவது உதிரிச் செல்கள் மட்டும். செங்கல்லைப் பார்த்து வீட்டின் அமைப்பைச் சொல்வது மாதிரிதான் இது. புற்றுநோய்ச் செல் என்று சொல்லலாம். அது பால் குழாய்க்குள்ளேயே அடங்கி இருக்கிறதா, வெளியே ஊடுருவிவிட்டதா என்று சொல்ல முடியாது. சிகிச்சையை முடிவு செய்யும் ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் மருந்து கேட்குமா என்று பார்ப்பவை), ஹெர்2 (ஹெர்2 மருந்து கேட்குமா என்று பார்ப்பது) பரிசோதனைகளையும் அதில் நம்பகமாகச் செய்வது கடினம்.

கோர் பயாப்ஸியில் ஊசி தடிமன், பெரும்பாலும் 14 கேஜ். மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் ஒரு சின்ன வெட்டு. அப்புறம் ஸ்பிரிங் வைத்த துப்பாக்கி போன்ற கருவி. என் சித்திக்கு நோய் வந்து இரண்டு வருடம் கழித்து எனக்கும் ஒரு கட்டி தட்டுப்பட்டது, அப்போது எனக்கு வயது 38. "இப்ப டப்புனு ஒரு சத்தம் வரும், அசையாதீங்கம்மா" என்றார் டாக்டர். ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம்தான் அது. வலியை விட அந்தச் சத்தம்தான் தூக்கிவாரிப் போட்டது. நாலைந்து முறை எடுத்தார்கள். முடிந்ததும் பாட்டிலைக் காட்டினார்கள். ஃபார்மலின் என்ற, சதை கெடாமல் காக்கும் திரவத்துக்குள், வெந்த சேமியாத் துண்டுகள் மாதிரி, வெளிறிய நாலைந்து இழைகள். அவ்வளவுதான். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு வாரம் அந்த இடம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. ரிப்போர்ட்டில் நார்க்கட்டி என்று வந்தது.

அந்தச் சேமியாத் துண்டுகளில்தான் எல்லாமே இருக்கிறது. எந்த வகைப் புற்றுநோய், எந்த கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன), ஹார்மோன் மருந்து கேட்குமா, ஹெர்2 மருந்து கேட்குமா என்று எல்லாவற்றையும் அதிலிருந்தே பார்த்துவிடலாம். முதலில் அறுவையா, முதலில் கீமோவா என்பதைக்கூட இந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

செலவைப் பார்த்தால் எஃப்.என்.ஏ.சி. பெரும்பாலும் நூறுகளில் முடியும், கோர் பயாப்ஸி ஆயிரங்களில் போகும், ஈ.ஆர்.-பி.ஆர்.-ஹெர்2 தனி பில். ஹெர்2 "2+" என்று நடுவில் வந்தால் ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட் செய்யச் சொல்வார்கள், அதற்கும் தனிப் பணம், கூடுதல் நாட்கள். இதை முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டால் அன்றைக்கு அதிர்ச்சி இருக்காது. ஆனால் எஃப்.என்.ஏ.சி. மலிவு என்று அதில் ஆரம்பித்து, "சந்தேகம், திசுப் பரிசோதனை தேவை" என்று வந்தால் இரண்டுக்கும் பணம் கட்டுவீர்கள். சித்திக்கு நடந்தது அதுதான்.

எஃப்.என்.ஏ.சி. நல்ல தேர்வாகும் இடங்களும் உண்டு. நீர்க்கட்டியில் உறிஞ்சி எடுத்தாலே கட்டி வற்றிவிடும். அக்குளில் நெறி கட்டியிருந்தால் அதில் குத்திப் பார்க்கலாம். தைராய்டு கட்டிக்கு ஊசி டெஸ்ட் என்றால் முதலில் எஃப்.என்.ஏ.சி.தான். ஆனால் மார்பில் சந்தேகமான திடக்கட்டி என்றால், என்னைக் கேட்டால் நேராக கோர் பயாப்ஸிக்கே போய்விடுங்கள்.

அந்தச் சின்ன பாட்டில் விஷயத்தில் கவனம் தேவை. நம் ஊர்களில் அதைச் சொந்தக்காரர் கையில் கொடுத்து, "லேபில் கொடுத்துருங்க" என்று சொல்வது சகஜம். சதை உடனே ஃபார்மலினில் இறங்க வேண்டும். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 முடிவு சரியாக வர 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் அதில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. லேபில் கொடுக்கும்போது எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பயாப்ஸிக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சரி, குத்தினால் பரவுமா? "ஊசி பட்டா கட்டி பரவிரும்ங்கிறாங்களே, நெசமாம்மா?" என்று சித்தி என்னிடமும் கேட்டார். இந்தப் பயத்துக்கு ஒரு மூலம் இருக்கிறது. விதைப்பையில் வரும் கட்டியில் ஊசி குத்த மாட்டார்கள். சினைப்பையில் சந்தேகமான கட்டியைக் குத்துவதையும் கூடியவரை தவிர்ப்பார்கள். மார்பகத்தில் அப்படி இல்லை. ஊசி போன பாதையில் சில செல்கள் ஒட்டலாம், ஆனால் அதனால் நோய் பரவி ஆயுள் குறைந்ததாகப் பார்க்கப்படவில்லை. உலகம் முழுக்க அறுவைக்கு முன் இதைத்தான் செய்கிறார்கள். பயந்துகொண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கை, படம், ஊசி, மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். படத்தில் பைராட்ஸ் 5, ஊசியில் ஒன்றுமில்லை என்றால் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ஊசி கட்டியில் படாமல் பக்கத்தில் போயிருக்கலாம். மறுபடி எடுக்க வேண்டும்.

## "எடுத்துவிட்டே பார்த்துக்கலாம்"

சின்ன ஊர்களில் இது இன்னும் நடக்கிறது. சித்திக்கு அப்போது வயது 52. எஃப்.என்.ஏ.சி.யில் சந்தேகம் என்று வந்ததும், ஊரில் இருந்த ஒரு நர்ஸிங் ஹோமில் "கட்டியை எடுத்துட்டு டெஸ்டுக்கு அனுப்பிடுவோம்" என்றார்கள். ஒரே வேலையாக முடிகிறதே என்று எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய் என்று வந்தது. எடுத்த கட்டியின் ஓரத்திலும் நோய் இருந்தது. ஒரு மாதத்துக்குள் மதுரையில் மறுபடி அறுவை. முதல் தையல் போட்டிருந்த இடமும் திசையும் பொருந்தாததால், தேவைக்கு மேல் சதையை எடுக்க வேண்டி வந்தது. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கியிருக்கலாமா என்று யோசிக்கும் வாய்ப்பும் போய்விட்டது.

ஊசியில் தெளிவு கிடைக்காதபோதும், ஊசி எட்டாத இடத்திலும், ஊசி ரிப்போர்ட்டில் முழுதாக எடுத்துப் பார்க்கச் சொல்லும் சில வகைக் கட்டிகளிலும் அறுவைப் பயாப்ஸி தேவைதான். முதல் வழியாக அது வேண்டாம்.

## ரத்தப் பரிசோதனை: சி.ஏ. 15-3, சி.இ.ஏ.

புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருட்களை மார்க்கர் என்பார்கள். மார்பில் கட்டி இருக்கிறதா, புற்றுநோயா என்று அறிய இந்த மார்க்கர்கள் உதவாது. ஆரம்பநிலை நோயில் பலருக்கு அளவு சாதாரணமாகவே இருக்கும். நோய் இல்லாதவர்களுக்கும் ஏறும். புகைபிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ. கூடும். கல்லீரல் கோளாறில் சி.ஏ. 15-3 கூடும். சினைப்பைக்குப் பார்க்கும் சி.ஏ. 125 மாதவிடாயிலும், எண்டோமெட்ரியோசிஸிலும், வயிற்றுக் காசநோயிலும்கூட ஏறும்.

பில் சிறியது, பயம் பெரியது. மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் இவற்றையும் சேர்த்து விற்கிறார்கள். லேசாகக் கூடியிருந்தால் ஸ்கேன் மேல் ஸ்கேனாகப் போகும். குறைந்திருந்தால் அதைவிட மோசம், "ரத்தத்தில் ஒன்றுமில்லை" என்று கட்டியை மறந்துவிடுவோம்.

## பெட் சிடி, சிடி, எலும்பு ஸ்கேன், எம்.ஆர்.ஐ.

இவை "எதுவரை போயிருக்கிறது?" என்ற கேள்விக்கானவை. பயாப்ஸிக்கு முன்னால் பெட் ஸ்கேன் எடுப்பது, முகவரி தெரியாமல் பஸ் ஏறுகிற மாதிரி.

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஏற்றுவார்கள். சர்க்கரையை வேகமாக உண்ணும் செல்கள் பளிச்சென்று தெரியும். புற்றுநோய் உண்ணும், காசநோய்க் கிருமியோடு போராடும் செல்களும் உண்ணும். நம் நாட்டில் பழைய காசநோய் நெறிகள் பளிச்சிட்டு, அதற்காக இன்னொரு பயாப்ஸி எடுக்க வேண்டி வருவது புதிதில்லை. மூளை எப்போதுமே சர்க்கரை உண்பதால் அங்கே இருப்பதை இது சரியாகக் காட்டாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். அந்த மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், எடுத்து வைத்து நாளைக்குப் போட முடியாது. சர்க்கரை நோயாளிகள் முந்தின நாளே மாத்திரை, இன்சுலின் பற்றிக் கேட்டுக்கொள்ளாமல் போனால் அந்த நாளே வீண். செலவு பத்தாயிரத்தைத் தாண்டும்.

ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில், வேறு அறிகுறி எதுவும் இல்லாதபோது, பெட், சிடி, எலும்பு ஸ்கேன் எதுவும் வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. கட்டி பெரிதாக இருந்தால், அக்குள் நெறிகள் அதிகம் இருந்தால், எலும்பு வலி, மூச்சுத்திணறல் இருந்தால் கதை வேறு. அப்போது பெட் சிடி ஒன்றே பல ஸ்கேன்களின் வேலையைச் செய்துவிடும். பெட் வசதி இல்லாத ஊரில் சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து பெரும்பாலும் அதே பதிலைத் தரும். எலும்பு ஸ்கேனில் மூட்டுத் தேய்மானமும் பழைய முறிவும்கூட ஒளிரும் என்பதை மனதில் வையுங்கள். சிடிக்கு முன் கிரியாட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள்.

மார்பக எம்.ஆர்.ஐ.க்குக் கதிர்வீச்சு இல்லை. பரம்பரை மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கும், அக்குளில் நோய் இருந்து மார்பில் எங்கே என்று தெரியாதவர்களுக்கும் அருமையான டெஸ்ட். சாதாரணக் கட்டிக்கு எடுத்தால் தேவையில்லாத புள்ளிகளையெல்லாம் காட்டிக் கூடுதல் ஊசிகளுக்கு வழிவகுக்கும்.

## ஒரே பார்வையில்

| பரிசோதனை | எந்தக் கேள்விக்கு | நார்மல் என்றால் நம்பலாமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மேமோகிராம் + அல்ட்ராசவுண்ட் | பார்க்க எப்படி இருக்கிறது | கட்டி கைக்குத் தெரிந்தால், இது மட்டும் போதாது | பழைய படம் இல்லையென்றால் மறுபடி மறுபடி |
| எஃப்.என்.ஏ.சி. | செல் எப்படிப்பட்டது | படத்தோடு ஒத்துப்போனால் மட்டும் | தெளிவில்லாவிட்டால் கோர் பயாப்ஸியும் சேரும் |
| கோர் பயாப்ஸி | இது என்ன, எந்த மருந்து கேட்கும் | படத்தோடு ஒத்துப்போனால் நம்பலாம் | ஈ.ஆர்.-பி.ஆர்.-ஹெர்2, சிலருக்கு ஃபிஷ் |
| மார்க்கர் ரத்தப் பரிசோதனை | கண்டுபிடிக்க உதவாது | கூடாது | பயம், அல்லது பொய் நிம்மதி |
| பெட் சிடி | எதுவரை போயிருக்கிறது | மூளை தவிர ஓரளவு | காசநோய் நெறி பளிச்சிட்டால் இன்னொரு ஊசி |

இன்னும் இரண்டு பணக்கணக்கு. தனியார் மருத்துவக் காப்பீட்டில் வெளிநோயாளியாக எடுக்கும் டெஸ்டுகளுக்குப் பெரும்பாலும் பணம் வராது. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் பில்களைப் பல பாலிசிகள் ஏற்கும். அதனால் முதல் மேமோகிராம் ரசீதிலிருந்து எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடங்களில் இரண்டாவது கருத்து கேட்டால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பிளாக் இருந்தால் மறுபடி குத்த வேண்டி வராது. முதலில் கீமோ என்று முடிவானால், கட்டி இருந்த இடத்தில் சின்ன உலோகக் கிளிப் வைப்பார்களா என்று கேளுங்கள். மருந்தில் கட்டி கரைந்துபோனால் எங்கே அறுப்பது என்பதை அந்தக் கிளிப்தான் காட்டும்.

## சிகிச்சை முடிந்த பிறகு

இங்கே கணக்கே மாறுகிறது. எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு பெட் ஸ்கேன் எடுத்தால் நிம்மதி என்று தோன்றும். இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த இரண்டு ஆய்வுகள் 1994-ல் வெளிவந்தன. ஒரு பாதிப் பேருக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேனும் எக்ஸ்ரேயும், மறுபாதிக்கு டாக்டர் கைப்பரிசோதனையும் வருடாந்திர மேமோகிராமும். அதிகம் டெஸ்ட் எடுத்தவர்கள் அதிக நாள் வாழவில்லை. அதற்குப் பிறகு மருந்துகள் எவ்வளவோ மாறிவிட்டன, ஆனால் அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்றும் வழிகாட்டுதல் அதுதான்: முதல் 3 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர், அடுத்த 2 வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. மேமோகிராம் வருடா வருடம்.

மற்றப் புற்றுநோய்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. பெருங்குடலில் சி.இ.ஏ., புராஸ்டேட்டில் பி.எஸ்.ஏ., விதைப்பையில் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. இவையெல்லாம் கண்காணிப்பில் உண்மையிலேயே உழைக்கிற டெஸ்டுகள். பரவிய நிலையில் மருந்து எடுக்கும் மார்பகப் புற்றுநோயாளிக்கும் சி.ஏ. 15-3 ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கப் பயன்படும்.

சித்தி போன ஐப்பசியில் மேமோகிராமுக்குப் போனார். மறுபக்க மார்பில் மிளகு அளவில் ஒரு புள்ளி. ரேடியாலஜிஸ்ட் முகம் மாறியதை நான் பார்த்தேன். சித்தி மஞ்சப்பையிலிருந்து முந்தின இரண்டு வருட ஃபிலிம்களை எடுத்து நீட்டினார். விளக்குப் பெட்டியில் மூன்றையும் வரிசையாக மாட்டி, பென்சில் நுனியால் தொட்டுக் காட்டினார் ரேடியாலஜிஸ்ட். மூன்றிலும் அதே இடம், அதே அளவு. "அடுத்த வருஷம் வாங்கம்மா, இந்தப் பையையும் கொண்டு வாங்க."